நன்னாரி சர்பத்: வேரா, பொடியா, எசென்ஸா?

சித்திரை வெயில் ஏறியதும் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் புதிதாக நன்னாரி சர்பத் போட இறங்கிவிடுவார். நான் ஒரு காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்வார். மண் போகக் கழுவு, ஈரக் கரண்டி போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. மற்றதைச் சொல்கிறேன்.

தடித்த வேரைப் பொறுக்குவது

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில், "நல்லா மொத்தமா பார்த்துக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குகிறார்கள். மணம் இருப்பது மேல்தோலில். நடுவிலிருக்கும் வெள்ளைக் கட்டை வெறும் விறகு. வேர் தடிக்கத் தடிக்க விறகுக்குத்தான் காசு. மெல்லிய வேராக வாங்கி, உரலில் போட்டு லேசாகத் தட்டினால் தோல் பிரிந்து வரும். கட்டையை எறிந்துவிடுங்கள். சதைப்பற்றாக இருந்தால் மாகாளிக் கிழங்கா என்று பாருங்கள். வாசனை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அது ஊறுகாய்ச் சரக்கு.

பொடி

கட்டையையும் சேர்த்து அரைத்தார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. வேட்டித் துணியில் வடித்தாலும் வண்டல் நிற்கும்.

எசென்ஸ்

நிறம்தான் வரும்.

வேரைக் கொதிக்க விடுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நல்ல வேரை விலை கொடுத்து வாங்கி, கஷாயம் மாதிரி பாதியாகச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். நன்னாரியின் வாசனைப் பொருள் ஆவியோடு சேர்ந்து போய்விடும் ரகம். போன வருடம் எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று, "தெருமுனை வரைக்கும் மணக்குதுல்லக்கா?" என்றாள். "அதான்டி வினையே. தெருவுக்குப் போனது திரும்பிச் சட்டிக்கு வருமா?" என்றேன். குடித்துப் பார்த்தால் துவர்ப்பும் சீனியும்தான். அப்புறம் மணம் பத்தவில்லை என்று எசென்ஸ் வாங்கி ஊற்றினாள்.

அடுப்பு சீனிக்கு மட்டும் போதும். நூறு கிராம் தோலை, மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடித்தால் கள்ளிச்சொட்டு மாதிரி இருக்காது, தெளிந்த பழுப்பாக இருக்கும். ஒரு கிலோ சீனியைக் கால் லிட்டர் தண்ணீரில் பாகாக்கி இறக்குங்கள். சூடு நன்றாகத் தணிந்தபின் கால் லிட்டர் ஊறல் நீரைக் கலந்தால் சரி. எலுமிச்சை டம்ளரில் பிழிந்தால் போதும்.

சீனியைக் குறைப்பது

பூஞ்சை பிடிக்கும்.