மனதிலிருந்து மனதுக்குச் செய்தி போகுமா? அரைச்சுவர் வகுப்பறையில் சோதிக்கும் முறை

புரைக்கேறினால் "ஆரோ நினைக்கினம்" என்போம். நினைத்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து மகன் அழைத்தால் அதற்கும் அதே விளக்கம்தான். நினைத்தும் அழைப்பு வராத நாட்களை யாரும் எண்ணி வைப்பதில்லை. இப்படி மனதிலிருந்து மனதுக்குச் செய்தி போவதாகச் சொல்லும் தொலையுணர்வைச் சோதிப்பதென்றால் தவறியதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஜே. பி. ரைன் இதற்கு அட்டைகளைப் பயன்படுத்தினார். கார்ல் சீனர் வடிவமைத்த அந்த அட்டைகளில் வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், விண்மீன் என ஐந்து குறிகள். குறிக்கு ஐந்தாக மொத்தம் 25 அட்டைகள். தொடக்ககால அட்டைகள் சில மெல்லியவை, பின்பக்கத்தால் குறி தெரிந்தது. எங்கள் முறையில் சீட்டுக்கட்டைக் குலுக்கத் தேவையில்லை. தடித்த மட்டையில் குறிக்கு ஒன்றாக ஐந்து அட்டைகளும் ஒரு லூடோ தாயக்கட்டையும் போதும்.

நான்கு பேர் வேண்டும்: பட்டியல் எழுதுபவர், குறியை மனதால் அனுப்பும் அனுப்புநர், அதை ஊகிக்கும் பெறுநர், மணியடிப்பவர். முதலாமவர் தனியே இருந்து தாயம் உருட்டி 25 குறிகளைப் பேனையால் எழுதுவார். 1 வட்டம், 2 கூட்டல், 3 அலை, 4 சதுரம், 5 விண்மீன். 6 விழுந்தால் மறுபடி உருட்டல். பட்டியலைப் படமெடுத்து, உறையிலிட்டு ஒட்டி அனுப்புநரிடம் கொடுத்துவிட்டு அவர் போய்விட வேண்டும். பென்சில் வேண்டாம். லண்டனில் எஸ். ஜி. சோல் நடத்திய புகழ்பெற்ற தொலையுணர்வுச் சோதனைகளின் இலக்குப் பட்டியலில் கைவைக்கப்பட்டிருந்ததை 1978 இல் பெற்றி மார்க்விக் காட்டினார்.

இடம்தான் பெரிய சிக்கல். வன்னியில் பல பாடசாலை மண்டபங்களுக்கு அரைச்சுவர்தான், பக்கத்து வகுப்பில் செருமினாலும் கேட்கும். 304 சீட்டு விளையாடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: எதிரே இருக்கும் துணைக்குச் சாடை காட்ட ஒரு பெருமூச்சே போதும். 1880களில் இங்கிலாந்தில் தொலையுணர்வுக்குச் சான்றாகக் கருதப்பட்ட கிரீரி சகோதரிகள் தங்களுக்குள் சைகை செய்தது பின்னர் பிடிபட்டது. வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் கதிரை கிறீச்சிடும், மூச்சு மாறும். ஆகவே பாடசாலை விட்ட பிறகு, அனுப்புநரை மைதானத்துக்கு அப்பால் வேறு கட்டடத்தில், பெறுநருக்குத் தெரியாதபடி இருத்துங்கள். இருவரின் கைபேசிகளையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

நான்காமவர் பட்டியலைப் பார்க்காதவர். அவர் 20 விநாடிக்கொருமுறை மணியடிப்பார். அனுப்புநர் மணியடித்தால், விண்மீனுக்கு மட்டும் சற்றுத் தாமதிக்கும் பழக்கம்கூடத் தடயமாகிவிடும். ஒவ்வொரு மணிக்கும் அனுப்புநர் உரிய அட்டையைப் பார்ப்பார், பெறுநர் ஒரு குறியை எழுதுவார். வெற்றிடம் விடக்கூடாது. 25 முடிய 8 நிமிடம் 20 விநாடி. இடையில் சரி, பிழை சொல்லக்கூடாது.

புதிய பட்டியல்களோடு நான்கு சுற்று, மொத்தம் 100 ஊகங்கள். எத்தனை சுற்று என்பதை முன்பே எழுதி வையுங்கள், நல்ல புள்ளி வந்த இடத்தில் நிறுத்தினால் சோதனை கெட்டுவிடும். இருவர் தனித்தனியே திருத்த வேண்டும், ஆசைப்பட்ட கண் தன் பக்கமே பிழைவிடும். வெறும் தற்செயலில் 100க்குச் சராசரி 20. 28 அல்லது அதற்கு மேல் வருவது நூறில் மூன்று தடவையளவில் நடக்கும். ஒரு சுற்றில் 9 எடுப்பது அவ்வளவு அரிதல்ல: 30 பேர் வகுப்பில் ஒருவராவது அதை எட்டுவார் என்று எதிர்பார்க்கலாம். அவரைக் கொண்டாடாமல் புதிதாக 100 ஊகங்கள் கொடுங்கள். பழைய 9 இதில் சேராது. "முந்தின அட்டைக்குப் பொருந்துதே" என்ற சமாதானமும் எடுபடாது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடர்போராட்டம் தொடங்கிய தாய்மாரின் மண் இது. "பிள்ளையின்ர மனதோட கதைச்சுச் சொல்லுறன்" என்று காசு கேட்டு ஒருவர் அவர்களின் படலைக்கு வந்தால், அந்த அம்மாவிடம் எதையும் சோதிக்க வேண்டாம். வந்தவரை இருத்தி இந்த நூறையும் எழுதச் சொல்லுங்கள். விடைத்தாளையும் பட்டியலையும் சேர்த்துக் குத்தி, திகதியிட்டு, தோற்ற சுற்றுகளையும் அதே கோப்பில் வையுங்கள்.