வன உரிமை மனுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மலைப் பதியில் (பழங்குடிக் குடியிருப்பில்) இளைஞர்கள் வன உரிமை மனுக்களை, அதாவது தாங்கள் பயன்படுத்திவரும் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்கும் மனுக்களை, நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் பதறிவிட்டேன். நான் முதன்முதலில் செய்த அதே தவறு. கையெழுத்து விடுபடுவது, சர்வே எண் மாறுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள்.

முப்பது பேருக்கும் ஒரே வாக்குமூலம்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலம் நம் கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். காகிதம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று என்கிறது விதி 13. சொல்பவர் மனுதாரராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வருகிறார்' என்று ஒரு வரியைத் தட்டச்சு செய்து, பெயரை மட்டும் மாற்றி முப்பது நகல் எடுத்தேன். அந்த முப்பது பேர் வாழ்ந்த பதியில் ஒரு பாட்டி இருந்தார். எந்தப் பலாவை யார் நட்டார், யானை இடித்த குடிசை எங்கே இருந்தது, சாமை விதைத்த மேடு எது, தன் அப்பாவைப் புதைத்த இடம் எது என்று ஒரு மதியம் முழுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த ஒற்றை வரிக்குக் கீழே அவருடைய கைரேகையை வாங்கி வந்தேன்.

கிராம சபை அனுப்பும் மனுக்களைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவில் முப்பது தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே வாசகம். மறுபடி விசாரிக்கும்படி கிராம சபைக்கே திருப்பி அனுப்பினார்கள். நோட்டும் பேனாவுமாக நான் திரும்பிப் போனபோது பாட்டி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த மேடு எது என்று காட்ட வேறு ஆள் இல்லை. இன்றும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

இப்போதெல்லாம் பெரியவரை நிலத்துக்கே கூட்டிப் போகிறேன். அவர் சொல்லும் இடப்பெயர்களை அவர் பேச்சிலேயே எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கைரேகை. அப்புறம் வரப்பு, பழைய கிணறு, புதைகாடு ஆகியவற்றைப் படம் எடுத்துச் சேர்க்கிறேன். ஏனென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் வேண்டும். செயற்கைக்கோள் படம் துணைச் சான்றுதான். அதையே பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

எல்லைத் தகராறுக்கு நேரே அதிகாரியிடம் ஓடுவது

முதலில் இரண்டு ஊர் வன உரிமைக் குழுக்களும் (மனுக்களைச் சரிபார்க்கக் கிராம சபை தேர்ந்தெடுக்கும் குழுக்கள்) சேர்ந்து உட்கார வேண்டும். பேசியதை எழுதி அவரவர் கிராம சபைக்குக் கொடுக்க வேண்டும். அங்கேயும் தீராவிட்டால்தான் உட்கோட்டக் குழு. காடு யாருடையது என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில்தான் முடியும். யார், எந்த மாதம், எதற்காகப் போகிறீர்கள் என்று கேளுங்கள். தேனுக்கு ஒரு ஊர், மேய்ச்சலுக்கு இன்னொரு ஊர் என்று பல நேரம் அங்கேயே தெளிந்துவிடும்.

மனைவி பெயரை விடுவது

உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும்தான்.

வாய்மொழித் தள்ளுபடியை ஏற்பது

'தள்ளுபடி ஆயிடுச்சு' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அடுத்த குழுவிடம் மனுப் போட 60 நாள்தான். தள்ளுபடி ஆனவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றும்படி 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 28ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு வாரமும் எனக்குப் போன் ஓயவில்லை. கூப்பிட்டவர்களில் பலரிடம், தங்கள் மனு ஏன் தள்ளுபடி ஆனது என்று சொல்லும் ஒரு தாள்கூட இல்லை.