வெள்ளம் வடிந்த வீட்டையும் கடையையும் காயவைப்பது எப்படி?

சேறு கழுவுவது ஓரிரு நாள் வேலை. சுவருக்குள் ஏறிய ஈரத்தை எடுப்பதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். 2011 ஜனவரி, 2024 நவம்பர் என்று மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூழ்கடித்த வெள்ளங்கள் மாரியில்தான் வந்தன. தண்ணீர் வடிந்த பிறகும் வெளிக்காற்று ஈரமாகவே இருக்கும். அதனால் யன்னலைத் திறந்து போட்டால் தானாகக் காய்ந்துவிடும் என்ற கணக்கு இங்கே சரிவராது.

1. கரண்டும் காலும்

மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அதைத் தொடத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தால் கிட்டவே போகாதீர்கள்; மின்சார சபைக்கு அறிவியுங்கள். நனைந்த பிளக் பொயின்றுகளை எலெக்ட்ரீஷியன் கழற்றிப் பார்க்கும் வரை கரண்ட் கொடுக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அது விழாமல் கட்டி வைப்பது உயிருக்கு ஆபத்து. ஜெனரேட்டர் போடுவதானால் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். விறாந்தையிலும் வேண்டாம், அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியாகக்கூட உள்ளே போகும்.

2. அள்ளுமுன் படம் எடுங்கள்

ஒவ்வொரு அறையையும், நனைந்த சாமானையும் படமெடுத்து வையுங்கள். கிராம சேவகருக்கும் காப்புறுதிக்கும் அது தேவைப்படும். தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு ஈரத்தை அளக்க இந்தக் கோடுதான் உதவும்.

3. சேறு ஈரமாக இருக்கும்போதே

காய்ந்த சேறு சுவரில் இறுகிப் பிடித்துவிடும். மண்வெட்டியால் அள்ளி, மேலிருந்து கீழாகக் கழுவி, தும்புத்தடியால் வாசலுக்குத் தள்ளுங்கள். வாவியோரத்தில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனம் எடுக்க வேண்டும். வாவித் தண்ணீர் உவர். அந்த உப்பு சுவரில் தங்கினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் காயவைக்கத் தொடங்குமுன் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை சுவரை அலசுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீர் இதற்கு வேண்டாம்.

4. எதை வைப்பது, எதை எறிவது

மெத்தை, தலையணை, நனைந்த அரிசி மூட்டை: எறியுங்கள். சிப்போர்ட் அலுமாரி ஊதிப்போனால் பிறகு திரும்பாது. தேக்கு, முதிரைத் தளபாடங்களைக் காப்பாற்றலாம். லாச்சிகளைக் கழற்றி, பலகைகளுக்கிடையே சிறு தடி வைத்து, நிழலில் அடுக்குங்கள். கடும் வெயிலில் போட்டால் வெடிக்கும். கடைகளில் பலகைப் பார்ட்டிஷன் இருந்தால் பென்சில் கோட்டுக்கு ஓரடி மேலே வரை வெட்டி எடுங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தைத் தாண்டியும் ஈரம் ஊறி ஏறியிருக்கும்.

5. கிருமி நீக்கம்

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். சேற்றின் மேல் ப்ளீச் ஊற்றினால் அது வீண். பிறகு 10 லீற்றர் வாளிக்கு 5 வீதத் திரவ ப்ளீச் 600 மில்லிலீற்றர் கலந்து, தரையிலும் சுவரிலும் பூசிப் 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். டொய்லெட் கழுவும் அமிலத்தோடு அதைச் சேர்த்தால் நச்சுவாயு வரும்.

6. காயவைத்தல்

நனைந்த பொருளில் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும், ஆகவே கழுவிய அன்றே ஃபேனைப் போடுங்கள். அதற்கு முன் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்திருக்க வேண்டும். ஃபேனைச் சுவருக்கு நேரே திருப்பாமல் சாய்வாக வையுங்கள். காற்று சுவரை உரசிக்கொண்டு ஓட வேண்டும்.

மழை பெய்யும்போது யன்னலைச் சாத்துங்கள். வெயில் எறித்துக் காற்றும் வீசும் நேரத்தில் எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்று இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை: வெளியே அளவு குறைவென்றால் திற, கூடவென்றால் சாத்து. அறைக்குள் 60 வீதத்துக்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு.

ஈரம் உறிஞ்சும் மெஷினை வாடகைக்கு எடுத்தால் கதவு, யன்னல் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். திறந்து வைத்தால் ஊரிலுள்ள ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டிருக்கும், சுவர் அப்படியே இருக்கும். மெஷினில் எழுதியிருக்கும் நாளொன்றுக்கு இத்தனை லீற்றர் என்ற அளவு பெரும்பாலும் மிக ஈரமான காற்றில் அளந்தது. அறை காயக் காயச் சேரும் தண்ணீர் குறையும், அது பழுதல்ல. ஏசியின் 'ட்ரை' முறையும் உதவும், ஆனால் வெளி யூனிட் மூழ்கியிருந்தால் திருத்துநர் பார்க்காமல் போடாதீர்கள்.

7. பெயின்ற் எப்போது?

பலரும் தவறுவது இங்கேதான். தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே கல் ஊறிக் கிடக்கும். பெயின்ற் அடித்த சில வாரத்தில் கொப்பளித்து உரியும். தடித்த சுவர் காய மாதக்கணக்காகும். வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். கம்பி குத்தி அளக்கும் ஈரமானி உப்புச் சுவரில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள்.

சுவர் உண்மையில் காய்ந்ததா என்று பார்க்க, 18 அங்குலச் சதுரத் தெளிவான பொலித்தீனை, நாலு பக்கமும் டேப் ஒட்டி, பென்சில் கோட்டுக்குக் கீழே பதியுங்கள். 16 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் விட்டு மறுபடியும் ஒட்டிப் பாருங்கள். சீமெந்துத் தரைக்கும் இதே முறைதான். காய்ந்திருந்தாலும் முதலில் சுண்ணாம்பு அடியுங்கள், மிச்ச ஈரம் அதனூடாக வெளியேறும். ஈரம் புகாத பெயின்றை ஒரு கோடை கழிந்த பிறகு பார்க்கலாம்.