இடுப்பில் ரிவால்வர்: கடைக்குப் போகும் முன் விசாவைப் பாருங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடை மளிகைக் கடை போலத் திறந்து கிடக்கிறது. அதனால் வந்து இறங்கிய எல்லோரும் வாங்கலாம் என்று ஆகிவிடாது. எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற வேலை, குடும்ப, படிப்பு விசாவில் இருப்பவர் துப்பாக்கியை வாங்குவது மட்டுமல்ல, துப்பாக்கியோ ஒற்றைத் தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். ஆபீஸ் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் நாலு ரவுண்டு சுடுவதும் இதில் அடங்கும். பலருக்கு இது தெரிவதே இல்லை. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி, மறைத்து எடுத்துச் செல்ல ரிவால்வர் வாங்க நினைப்பவர் முதலில் ஒரு இமிக்ரேஷன் வக்கீலைப் பார்ப்பது நல்லது. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டது, ஐ-485 விண்ணப்பம் போட்டாயிற்று என்பதெல்லாம் கணக்கில் வராது. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை தொடாதீர்கள்.

கார்டு வந்த பிறகு வழி சுலபம். கடையில் 4473 என்ற படிவத்தில் கார்டில் உள்ள ஏ-நம்பரை (குடியேற்றத் துறை தரும் எண்) எழுத வேண்டும், இப்போதைய முகவரியோடு மாநில அடையாள அட்டை காட்ட வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். கைத்துப்பாக்கிக்கு வயது 21. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், குடிமகனுக்கு அது தண்டனையோடு போகும்; கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தவும் அதுவே காரணமாகலாம்.

மறைத்து எடுத்துச் செல்லும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸ் 2021-லும் புளோரிடா 2023-லும் பர்மிட் தேவையில்லை என்று ஆக்கின. நியூ ஜெர்சியில் வாங்கவே தனி அனுமதி வேண்டும், இடுப்பில் வைக்க இன்னொன்று வேண்டும். வேறு எந்த மாநிலத்தின் பர்மிட்டும் அங்கே செல்லாது. பென்சில்வேனியாவில் இருப்பவர் நியூ ஜெர்சி எடிசனில் இட்லி சாப்பிட வரும்போது ரிவால்வரை வீட்டில் பூட்டிவிட்டு வர வேண்டும். தபால் நிலையத்துக்குள் எந்த மாநிலத்திலும் கூடாது.

இனி ரிவால்வர். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 அல்லது ரூகர் எல்சிஆர். இரண்டும் சிலிண்டர் என்ற சுழலும் உருளையில் ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை, இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பேரல் (குழல்). முன்னது 400 கிராமைச் சற்றுத் தாண்டும், பின்னது 380-ஐ ஒட்டி. இரண்டிலும் வெளியே துருத்தும் ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) கிடையாது, பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. எல்சிஆரின் ட்ரிகர் இழுக்க இலகுவாக இருக்கும். 642-இல் பத்துப் பன்னிரண்டு பவுண்டு விசை வேண்டும். விரல் வலு குறைந்தவர் இழுப்பின் கடைசியில் முழுக் கையையும் சேர்த்து இறுக்குவார், தோட்டா குறிக்குக் கீழே போய்ப் படும்.

புதியவர் செய்யும் பெரிய தப்பு, இருப்பதிலேயே லேசானதைக் கேட்பது. சுமார் 335 கிராம் எடையில், .38-ஐவிட வலுவான .357 மேக்னம் தோட்டா சுடும் ரிவால்வர் உண்டு. சுமப்பது சுகம், சுடுவது உள்ளங்கையில் பிரம்படி. ஐந்து சுட்டதும் மேசையில் வைத்துவிடுவார்கள், அப்புறம் பயிற்சியே இருக்காது. வேறொரு கேடும் உண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதைப்பில், சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் ஈய முனை கொஞ்சங்கொஞ்சமாக முன்னால் நழுவி நீட்டிக்கொள்ளும், சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். முழு ஸ்டீலில் வரும் ரூகர் எஸ்பி101 முக்கால் கிலோவை ஒட்டி இருந்தாலும் சுடச் சுகம். பெல்ட்டில் வைப்பவருக்கு அது சரி, பேண்ட் பாக்கெட்டுக்குக் கனம். .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போடலாம், .38 ரிவால்வரில் .357 போட முடியாது.

உதைப்புக்குப் பயப்படுகிறவர்கள் .32 எச்&ஆர் மேக்னம் என்ற சிறிய தோட்டா வகை சுடும் ரிவால்வரைப் பார்க்கலாம்; இந்த அளவிலேயே ஆறு தோட்டா கிடைக்கும், உதைப்பு பாதிதான் என்று தோன்றும். தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதுதான் குறை.

கையில் வாங்கியதும் சிலிண்டரைத் திறந்து ஐந்து ஓட்டையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். சினிமாவில் செய்வதுபோல மணிக்கட்டை வெட்டிச் சிலிண்டரை மூடாதீர்கள், சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை வளைந்துவிடும். கடைக்காரர் முகமும் மாறும். வெற்றாக ட்ரிகர் இழுக்கலாமா என்று கேட்டுவிட்டு, பேரல் முனையில் குறி பார்க்க இருக்கும் முன் சைட்டின் மேல் ஒரு பத்து சென்ட் நாணயத்தை வைத்து மெதுவாக இழுங்கள். நாணயம் விழாமல் ஐந்து முறை இழுக்க முடிகிறதா? முடிந்தால் அந்த ரிவால்வர் உங்கள் கைக்கு ஏற்றது. பிடியில் சுண்டுவிரல் தொங்குகிறதா என்றும் பாருங்கள். பெரிய ரப்பர் பிடி கைக்கு நன்று, ஆனால் சட்டைத் துணியைப் பற்றி இழுத்துக் காட்டிக்கொடுக்கும்.

சுடும்போது கட்டைவிரல் சிலிண்டருக்கு முன்னால் போகக்கூடாது. பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளியில் சூடான வாயு பக்கவாட்டில் பீச்சும். ட்ரிகரை முழுக்க முன்னால் விட்டபின் மறுபடி இழுங்கள். பாதியில் இழுத்தால் ட்ரிகர் சிக்கும், இல்லையேல் ஒரு தோட்டா தாண்டிப் போகும். காலிக் கூடுகளைத் தள்ளும்போது பேரலை வானத்தை நோக்கிப் பிடித்து, சிலிண்டரின் நடுவில் கூடுகளைத் தள்ளும் தண்டை ஒரே அடியாக அடியுங்கள். கீழ்நோக்கித் தள்ளினால் எரியாத மருந்துத் துகள், கூடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் தங்கும், சிலிண்டர் மூடாது. அதைத் துடைக்கப் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும்.

தோட்டா விஷயத்தில், குட்டை பேரலில் பல குழிமுனைத் தோட்டாக்கள் விரிய வேண்டிய வேகத்தை எட்டுவதில்லை. 148 கிரெயின் (தோட்டா முனையின் எடை அளவு) வாட்கட்டர் என்ற தட்டைமுனைத் தோட்டா உதைப்புக் குறைவு, குறி நன்றாக இருக்கும். முனை தட்டை என்பதால் அவசரத்தில் சிலிண்டருக்குள் நுழைக்க மக்கர் பண்ணும். நியூ ஜெர்சியில் குழிமுனைத் தோட்டாவை வெளியே எடுத்துச் செல்வதே சட்டச் சிக்கல், அங்கே இருப்பவர் வாட்கட்டரைத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம்.

ட்ரிகரை முழுக்க மூடும் ஹோல்ஸ்டர் இல்லாமல் பாக்கெட்டில் போடாதீர்கள். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. வாரம் ஒருமுறை நூல்தூசி தட்ட வேண்டும். கைப்பையில் வைப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை, குழந்தை கை விடும் முதல் இடம் அதுதான். வீட்டில் சிறு பெட்டகம் அவசியம். ஊரிலிருந்து பி2 என்ற சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் விசா விதி பொருந்தும். அவர்களிடம் பெட்டகத்தின் சாவியும் எண்ணும் இருக்கக்கூடாது.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது ஒருபோதும் எடுக்காதீர்கள். சென்னை விமான நிலைய ஸ்கேனரில் பை மடிப்பில் ஒரு .38 தோட்டா தெரிந்தாலே 1959 ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். மறந்து வந்துவிட்டது என்று சொன்னாலும் முதலில் போலீஸ் ஸ்டேஷன்தான். ரேஞ்சுக்கென்று தனிப் பை, வேறு நிறத்தில்.