பேஸ் கிட்டார்: வாங்கும்போதும் மாற்றும்போதும் விற்கும்போதும் காசு ஒழுகும் இடங்கள்

டிசம்பர் நெருங்க நெருங்கக் குமரி மாவட்டத்தில் தடித்த கம்பிகளில் கீழ்ச்சுருதி வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு ஒரு கிராக்கி வந்துவிடும். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடிந்த கையோடு கரோல், கிறிஸ்துமஸ் ஆராதனை, பிறகு கன்வென்ஷன் பந்தல்கள், வெயில் ஏறியதும் கோயில் கொடைத் திருவிழாக்களில் கானமேளா என்று மேடைகள் வரிசைகட்டும். "பாட்டு நல்லாத்தான் இருக்கு, அடியில கனம் இல்லியே" என்று கொயரில் ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் போதும், மறுநாளே யாராவது ஒரு பையன் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறிவிடுவான். அந்த அவசரத்தில் வாங்கிய கிட்டார்கள் பலவும் அடுத்த ஆடிக்குள் ஓ.எல்.எக்ஸில் வந்து நிற்கும்.

பழைய பேஸ்களை வாங்குவது, பிரித்து மாட்டுவது, வாசித்து அலுத்தபின் விற்பது எனக்குப் பொழுதுபோக்கு. நான் பார்த்தவரை இதில் காசு வீணாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். கடைசியில் மாற்ற வேண்டியதை முதலில் மாற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசிவரை பார்ப்பதில்லை.

முதல் ஆசை, ஐந்து கம்பி. கீபோர்டு வாசிப்பவர் "லோ பி வேணும்" என்று சொல்லியிருப்பார். நாலு கம்பி பேஸில் தடித்த இ கம்பியை அமுக்காமல் அடித்தால் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது பி கம்பி 31 ஹெர்ட்ஸ். வீட்டில் பழகும் 15 வாட் ஆம்பில், எட்டு இஞ்சு ஸ்பீக்கரில், அந்த 31 ஹெர்ட்ஸ் வெளியே வராது. ஸ்பீக்கர் துடிக்கும், காதில் விழுவது மேல்சுருதிகள் மட்டும். விலை குறைந்த ஐந்து கம்பி பேஸ்களில் பி கம்பி தொளதொளவென்று கிடப்பதும் உண்டு. முதல் கிட்டாருக்கு நாலு கம்பி போதும். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் அமைப்பு, 34 இஞ்சு நீளக் கம்பி, நாலு ட்யூனர், இன்றுவரை பெரிதாக மாறவில்லை. மாறாததற்குக் காரணம் இருக்கிறது. கை சின்னதாக இருக்கும் பிள்ளைகளுக்கு 30 இஞ்சு ஷார்ட் ஸ்கேல் வாங்கிக் கொடுங்கள். அதைக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

கையில் 20,000 ரூபாய் இருந்தால் 20,000-க்கும் கிட்டார் வாங்கிவிடுவது இன்னொரு தவறு. நம் சபைகளில் பேஸுக்கென்று தனி ஆம்ப் இருப்பது அபூர்வம். நேராக மிக்ஸரில்தான் செருகுவார்கள். பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸை மிக்ஸரின் லைன் சாக்கெட்டில் செருகினால் சத்தம் மங்கித்தான் வரும். கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப் எதிர்பார்க்கும் உள்ளீட்டு மின்தடை ஒரு மெகா ஓம் அளவுக்கு. லைன் சாக்கெட் கொடுப்பது சுமார் 10 கிலோ ஓம். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியை நடுவில் வைத்தால் கதை முடிந்தது. அதை வாங்காமல் "பிக்கப் சரியில்ல" என்று பிக்கப்பை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

காசு கொடுக்கும் முன்

பழையது வாங்கப் போனால் கையில் ஒரு அலன் கீ செட், ஒரு கேபிள், ஒரு விசிட்டிங் கார்டு இருக்கட்டும். வாசித்துக் காட்டுகிறவரின் விரல் வித்தையில் மயங்க வேண்டாம். கிட்டாரைக் கையில் வாங்கி, நெக் என்ற கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் முதல் ஃப்ரெட்டிலும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் இ கம்பியை ஒரே நேரத்தில் அமுக்குங்கள். நடுவே ஏழாம், எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் விசிட்டிங் கார்டு லேசாக நுழையும் இடைவெளி, அதாவது 0.3 மில்லிமீட்டர் சுமார், இருந்தால் நெக் நல்ல நிலையில் இருக்கிறது. கூடுதலாக இருந்தால் பயம் இல்லை, நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகும். ஆனால் அந்த ராட் திரும்புகிறதா என்று உங்கள் கண்முன் பார்க்க வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள், பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். "அதெல்லாம் தொடாதீங்க அண்ணே, ஃபேக்டரி செட்டிங்காக்கும்" என்று விற்பவர் தடுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இனி இறுக்க இடமே இல்லாத ராடோ, துருப்பிடித்து இறுகிய ராடோ உள்ள நெக் விறகுக்குத்தான் ஆகும்.

அடுத்தது பிரிட்ஜ், பாடியில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி. குளச்சல், முட்டம், தூத்தூர் என்று கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கிட்டார்களில் உப்புக் காற்று முதலில் தின்பது இங்கேதான். ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடிலில் இரண்டு பொடி ஸ்க்ரூக்கள் இருக்கும், பலவற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் அலன் கீ. எட்டையும் ஒன்றொன்றாக அசைத்துப் பாருங்கள். வெளியே பளபளவென்று குரோம் மின்னும், உள்ளே திருகு அசையாது. பலமாகத் திருகினால் ஆறு மூலையும் வழுக்கி வட்டமாகிவிடும். அப்படி ஒன்றிரண்டு இருந்தால் புது பிரிட்ஜின் விலையைக் கழித்துப் பேசுங்கள். வால்யூம் நாப் கரகரப்பது இதைப் போலப் பெரிய குறை அல்ல, கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு போதும். அதைச் சொல்லியும் விலையைக் குறைக்கலாம் என்பது வேறு விஷயம்.

நெக்கின் நுனியான ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயரைப் பார்த்து மட்டும் விலை கொடுக்காதீர்கள். அந்த ஸ்டிக்கர் மிக மலிவாகக் கிடைக்கிறது, சீரியல் எண்ணையும் பார்த்து எழுதிவிடலாம். நாப்கள் இருக்கும் பக்கத்து மூடியைத் திறந்து வயரிங் காட்டச் சொல்லுங்கள், நெக் ஜாயின்டின் படம் கேளுங்கள். ஃபெண்டர் கம்பெனியே 1982 முதல் ஸ்க்வையர் என்ற பெயரில் விலை குறைந்த கிட்டார்களை விற்கிறது. போலி ஃபெண்டரைவிட ஒழுங்கான ஸ்க்வையர் எவ்வளவோ மேல். யமஹாவின் டி.ஆர்.பி.எக்ஸ். 174 மாதிரி எளிய பேட்டரி இல்லாத பேஸும் அப்படித்தான்.

ஹம் சத்தம் கிட்டாரிலிருந்துதான் வருகிறதா?

என்னிடம் பழுதுக்கு என்று வருவதில் முக்கால்வாசி இந்தப் புகார்தான். 'ங்ங்...' என்று ஒரு ரீங்காரம். உடனே பிக்கப் மாற்றணும் என்பார்கள். அதற்கு முன் மூன்று சோதனை.

கம்பியைத் தொட்டவுடன் சத்தம் குறைந்தால், வயரிங் பெரும்பாலும் சரி. உள்ளே காப்பர் டேப் ஒட்டி ஷீல்டிங் செய்தால் இன்னும் குறையும். தொட்டாலும் மாறவில்லை, அல்லது தொட்டதும் கூடுகிறது என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் விட்டிருக்கும், அல்லது ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும். ஒரு சொட்டு ஈயம் வைக்கும் வேலை. மூன்றாவது, அது ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வகையா என்று பாருங்கள். 1960-இல் வந்த அந்த அமைப்பில் இரண்டு சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள், பிக்கப்கள். இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் ஒன்றின் ஹம்மை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் குறைத்ததும் ஹம் தலைகாட்டும். இது அதன் பிறவிக் குணம், பழுது கிடையாது. ஹம் பிடிக்காது என்றால் 1957 முதல் பிரிசிஷனில் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப் உள்ளதை வாங்குங்கள். அது தன் ஹம்மைத் தானே அடித்துக்கொள்ளும்.

இவை தவிர ஒன்று உண்டு, அதில் விளையாட்டு வேண்டாம். கைவிரல் கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டதும் சுருக்கென்று கடித்தால், கிட்டாரைக் குறை சொல்லாதீர்கள். பந்தலில் இழுத்த லைனில் எர்த் இல்லை, அல்லது ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் வேறொரு லைனிலும் ஓடுகிறது. ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் இது சகஜம். உடனே கேபிளைக் கழற்றிவிடுங்கள்; எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைப் பார்க்கும்வரை வாசிக்காதீர்கள். மூன்று கால் பிளக்கில் எர்த் காலை உடைத்து ஹம்மைப் போக்கிய 'கெட்டிக்காரர்கள்' ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் செருகிய ஆம்பைத் தொடாதீர்கள்.

மாற்றங்கள்

வாங்கி வந்த வாரமே பிக்கப், பிரீ ஆம்ப், பிரிட்ஜ் என்று ஆர்டர் போடுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: முதலில் புதுக் கம்பி போட்டு, செட்டப் செய்து, ஒரு மாதம் வாசியுங்கள். 45-105 தடிமன் கம்பி செட், 17-ஆம் ஃப்ரெட்டில் இ கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர் உயரம், ஜி கம்பிக்கு 2. இதிலேயே பாதி ஆசை தீரும். வரிசை முக்கியம்: ட்ரஸ் ராட், பிறகு சேடில் உயரம், கடைசியாக இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சேரும்படி செய்வது. கம்பியின் உயரத்தைக் குறைப்பதற்காக ட்ரஸ் ராடை இறுக்குவது, இந்தப் பக்கம் நான் அதிகம் பார்க்கும் தவறு. ராட் இருப்பது நெக்கின் வளைவைச் சரிசெய்ய. உயரத்தைப் பார்த்துக்கொள்ள சேடில் இருக்கிறது. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. நெக் ஈரத்தை உறிஞ்சி அசையத்தான் செய்யும். மழை தொடங்கி சில வாரம் கழித்தும் வறண்டபின்னும் ஒருமுறை பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருக வேண்டாம்.

விரல் அமுக்கும் பலகையான ஃபிங்கர்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் ஊருக்கே உரிய பழக்கம். அது காயாது, அழுக்கைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும், நாளாக நாளாகச் சிக்கு வாடை வேறு. லெமன் ஆயில் என்று கடையில் விற்பதை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். மேப்பிள் போர்டு என்றால் எதுவும் தடவாதீர்கள், அதன்மேல் வார்னிஷ் இருக்கிறது. கம்பியைத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பளபளப்பாக்கும் வித்தையும் நம் காற்றுக்கு ஒத்துவராது. சுற்றுக்குள் ஈரம் தங்கினால் துருதான் மிச்சம். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்துவைப்பது அதைவிட நல்லது.

பிக்கப்பை மாற்றியே தீர வேண்டுமா, அளவுகோலை எடுங்கள். ஜாஸ் பேஸின் நெக் பக்கப் பிக்கப் பிரிட்ஜ் பக்கத்ததைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை. இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்கினால் மாட்டாது. பாஸிவ் பிக்கப்புக்கு வழக்கமாக 250 கே பாட் (நாப்புக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை), இ.எம்.ஜி. போன்ற பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கே. மாற்றிப் போட்டால் டோன் நாப் வேலை செய்வதுபோலவே இருக்காது. ஆக்டிவ் என்றால் சத்தம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு: அது டோனைச் செதுக்கும் வசதி, அவ்வளவே. வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கழற்றிவையுங்கள், செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ராத்திரி பத்து மணிக்குத் திருவிழாப் பந்தலில் 9 வோல்ட் பேட்டரி தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

திரும்ப எடுக்க முடியாத வேலைகளைத் தொடாதீர்கள் என்பதே என் கட்சி. பாடியைக் குடைந்து ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் வைப்பது, ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்குவது, ஹெட்ஸ்டாக்கை அறுப்பது எல்லாம் இதில் சேரும். பெயிண்டும் அப்படித்தான். மார்த்தாண்டம் பக்கத்துக் கார் பட்டறைகளில் அழகாக அடித்துத் தருகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நெக் உட்காரும் குழியை மாஸ்கிங் டேப்பால் மூடச் சொல்ல மறந்தால், குழிக்குள்ளும் பெயிண்ட் ஏறி நெக் பழையபடி இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்கினால் ஓரத்தில் விரிசல். பிரிட்ஜுக்கு அடியில் எர்த் வயர் தொடும் இடத்தில் பெயிண்ட் போனால், மேலே சொன்ன ஹம் இலவசம்.

அயினி மரத்தில் பாடி செய்து கேட்பவர்களும் உண்டு. செய்யலாம், மரத்தின் ஜாதியைவிட எடை முக்கியம். நாலரை கிலோவுக்கு மேல் போனால் மூன்று மணி நேர ஆராதனையில் தோள்பட்டைதான் பாட்டுப் பாடும். மரத்தால் வரும் 'டோன்' பற்றிய சண்டைக்கு எனக்குப் பொறுமை இல்லை. ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல ஸ்க்வையர்களில் 'இந்தியன் லாரல்' என்று வருவது நம் கருமருதுதான், நன்றாகவே உழைக்கும்.

விற்கும்போது

"புது பிக்கப்புக்கு மட்டும் எட்டாயிரம் ஆச்சு மக்களே" என்று ஆரம்பித்தால் வாங்க வந்தவர் காது கொடுக்க மாட்டார். அவருக்கு அது உங்கள் ருசி. கழற்றிய பழைய உதிரிகளை ஒரு பையில் பத்திரமாக வைத்திருந்தால் அவற்றையே திரும்ப மாட்டி விற்றுவிடலாம். நல்ல பிக்கப்பைத் தனியாக விற்றால் பெரும்பாலும் அதிகம் கிடைக்கும். செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை கொயர்கள் தேடும் காலம். தவக்காலத்தில் விலை சொல்லி அலைய வேண்டாம். கீறலை மறைத்துப் படம் எடுக்காதீர்கள், இந்த மாவட்டத்தில் பேஸ் வாசிப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

யாராவது பார்க்காமலே முழுப் பணம் தருகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யூ.பி.ஐ. பின் தேவையே இல்லை.

வெளியூருக்குப் பார்சல் என்றால், கம்பியை முழுக்கத் தளர்த்தி, நெக்கைக் கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்புவது நல்லது. நாலு ஸ்க்ரூவையும் கவரில் போட்டு பாடியோடு ஒட்டுங்கள். நெக் குழிக்குள் ஒரு துண்டு அட்டையோ மெல்லிய மரச்சீவலோ கிடந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். நெக்கின் சாய்வுக்காக வைத்த ஷிம் அது. இருந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டி, படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவையுங்கள். அது தொலைந்தால் கம்பி ஏறிப்போய், கிட்டார் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே உங்களுக்குப் போன் வரும்.