தைக்கிறவருக்கும் அளவு எடுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் சிங்கர் மெஷினில் தைத்துப் பழகி, இப்போது ஒரு லைனை, அதாவது ஒரு மெஷின் வரிசையைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வேலையில் அளவுத்தாளைவிட ஒரு சென்டிமீட்டர் கூடினால் அந்தப் பீஸ் தனியாகப் போய்விடும். பீஸுக்கு அவ்வளவு பார்க்கிற நாம், அதைத் தைக்கிறவர் உட்காரும் ஸ்டூலை அளந்து பார்ப்பதில்லை. ஐந்தடிகூட இல்லாத அக்கா எழுந்து போன இடத்தில் ஐந்தே முக்கால் அடித் தம்பி வந்து உட்காருவார். ஸ்டூலும் மெஷினும் அப்படியே இருக்கும். "டெய்லர் வேலைன்னா முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த வலியில் பெரும்பங்கு உயரக் கோளாறு. டேப்பும் ஸ்பேனரும் இருந்தால் அதில் பாதியைச் சரி செய்யலாம்.

முதலில் ஸ்டூல். வேலை நேரத்தில் செருப்பு போடுவீர்கள் என்றால் செருப்போடு நில்லுங்கள். முழங்காலுக்குப் பின்பக்க மடிப்பிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஸ்டூல் அந்த உயரத்துக்கு வர வேண்டும். தையலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடினால் இன்னும் நல்லது. இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருந்தால் கூன் போட்டு உட்காருவது தானாகக் குறையும். உயரம் பற்றாமல் கட்டிங் வேஸ்ட்டை அடைத்துத் தலையணை செய்து போடுகிறார்கள். அது சீக்கிரமே அமுங்கி ஒரு பக்கமாகச் சாயும், இடுப்பும் அதோடு கோணலாகும். ஒரு பிளைவுட் துண்டின் மேல் கெட்டியான ஸ்பாஞ்சை ஒட்டித் துணி சுற்றுங்கள், நிலையாக நிற்கும். முதுகு சாய இடமுள்ள நாற்காலி கிடைத்தால் விடாதீர்கள். தைக்கும்போது சாய முடியாதுதான். ஆனால் நூல் மாற்றும்போதும், தைக்க வேண்டிய பீஸ்களின் அடுத்த கட்டு, அதாவது பண்டில், வரக் காத்திருக்கும்போதும் சாயலாம்.

அடுத்தது மேசை. ஸ்டூலைச் சரி செய்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். தோளைத் தளர்த்தி, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். மேசைப் பலகை முழங்கையைவிட ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு மேலே இருக்கட்டும். கம்ப்யூட்டர் வேலைக்கு முழங்கை மட்டம் போதும் என்பார்கள். தையலில் கண் ஊசி முனையிலேயே நிற்பதால், மேசை தாழ்ந்திருந்தால் தலை அதைத் தேடிக் குனிந்துவிடும். அதற்காக ரொம்பவும் ஏற்றினால் தோள் காதை நோக்கித் தூக்கிக்கொள்ளும், சாயங்காலம் கழுத்தின் இரண்டு பக்கமும் கல்லாக இறுகிவிடும். தோள் தூக்காமலும் கழுத்து ரொம்பக் குனியாமலும் இருக்கிற உயரமே உங்கள் உயரம்.

பவர் மெஷின் ஸ்டாண்டின் கால்களில் பெரும்பாலும் உயரம் மாற்ற போல்ட் இருக்கும். கரண்டை நிறுத்திவிட்டு, இரண்டு பேர் பலகையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் போல்ட்டைத் தளர்த்தி ஏற்ற வேண்டும். மோட்டார் பலகைக்கு அடியிலேயே தொங்குவதால் பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெடலிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பியையும் அதே அளவுக்கு நீட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் பெடல் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு கணுக்கால் வலிக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்க முழங்காலால் தள்ளுகிற பட்டை இருக்கிறது அல்லவா, அதையும் உங்கள் முழங்கால் பக்கமாக நகர்த்தி முடுக்குங்கள். அதைத் தள்ள ஒவ்வொரு முறையும் இடுப்பைத் திருப்பினால், ராத்திரி வலிக்கிற இடம் இடுப்புதான்.

பெடல் உங்கள் பக்கம் ரொம்ப நெருங்கியிருந்தால் காலை ஸ்டூலுக்கு அடியில் மடக்க வேண்டி வரும், உடம்பு முன்னால் சரியும். பெடலைச் சற்று உள்ளே தள்ளி வைத்தால் கால் நீண்டு, முதுகு நிமிரும். பலகையின் நடுவுக்கு நேராக உட்காராமல் ஊசிக்கு நேராக உட்காருங்கள்.

மெஷின் ஸ்டாண்டின் பின்கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் கட்டை வைத்து, மேசையை உங்கள் பக்கமாகச் சற்றே சாய்த்தால் ஊசி முகத்துக்கு நேராகத் திரும்பும், கழுத்துக்குப் பெரிய ஆறுதல். மெஷினுக்கு அடியில் ஆயில் தொட்டி இருப்பதால் எவ்வளவு சாய்க்கலாம் என்று மெக்கானிக்கிடம் கேட்டே செய்ய வேண்டும்.

இத்தனையும் செய்தபின்னும் குனிகிறீர்கள் என்றால் கண்ணைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதுகுக்குத் தைலம் தேய்ப்பார்கள், கண்ணை யாரும் நினைப்பதில்லை. நாற்பது வயதை ஒட்டிக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். கருப்புத் துணியில் கருப்பு நூல், நேவி ப்ளூவில் நேவி ப்ளூ ஓடும்போது தையல் தெரியாமல் முகம் மெஷினுக்கே போய்விடும். கண் பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் கண்ணுக்கும் ஊசிக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லுங்கள். பேப்பர் படிக்கிற தூரத்துக்குப் போட்ட கண்ணாடி தையல் தூரத்துக்கு ஒத்துவராமல் போகலாம். காந்தம் வைத்த சின்ன எல்இடி விளக்கை மெஷின் தலையில் ஒட்டி, வெளிச்சம் ஊசியில் விழுந்து கண்ணில் அடிக்காதபடி திருப்பி வையுங்கள். பண்டிலுக்கு ஒரு முறை தலை தூக்கி லைனின் கடைசி மெஷின்வரை பாருங்கள், கண் தசை தளரும்.

எட்டி எடுப்பதைப் பற்றி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பண்டில் தரையில் கிடக்கும் கூடையில் இருந்தால் டெய்லர் ஒவ்வொரு பீஸுக்கும் குனிகிறார். ஒரு பீஸுக்கு இரண்டு நொடி கூடுதல் என்று வையுங்கள். ஆயிரம் பீஸுக்கு இரண்டாயிரம் நொடி, அதாவது அரை மணி நேரத்துக்கும் மேல். அந்த அரை மணியில் கிடைப்பது உற்பத்தி அல்ல, இடுப்பு வலி. கூடையை மேசை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் ஏற்றி இடப்பக்கம் வையுங்கள். டெய்லருக்குக் கையாளாக நிற்கும் கைமடிப் பிள்ளைகளிடம் பீஸை ஒரே முகமாக அடுக்கித் தரச் சொல்லுங்கள். தைத்தது தானாக வழுக்கி விழும்படி மேசையோரத்தில் ஒரு தகடோ பெட்டியோ போதும்.

இன்னொன்று, எங்கள் பெண்கள் பாத்ரூமுக்கு எழுந்தால் பீஸ் குறையும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. ஒன்றரை ஷிப்ட் முழுக்க அப்படியே உட்கார்ந்திருப்பது சிறுநீரகத்துக்கும் கெடுதல், முதுகுக்கும் கெடுதல். தண்ணீர் குடியுங்கள், எழுந்து போங்கள். அந்த நடை உடம்புக்கு வேண்டும். என் லைனில் இதற்காக யாரையும் ஒரு வார்த்தை கேட்க விடமாட்டேன்.

செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு வேறு கணக்கு. மேசை முழங்கை மட்டத்துக்கு இருக்கட்டும். குள்ளமானவர்களுக்கு மேசையோரம் முழுக்க அகலமான மரப்பலகை போடுங்கள், சின்ன மணை வேண்டாம், கால் இடறும். ஒரு காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கக் கீழே ஒரு கட்டை, நிற்குமிடத்தில் ரப்பர் விரிப்பு. பக்கத்தில் ஒரு உயரமான ஸ்டூலும் கட்டாயம் வேண்டும். நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பதாகாது. தைரியமாகக் கேளுங்கள்.

இனி வீடு. கம்பெனியில் காப்பாற்றிய முதுகை அடுப்படியில் தொலைக்கக் கூடாது. லைன் வீட்டுச் சமையல் மேடையைக் கொத்தனார் தன் கணக்கில் கட்டியிருப்பார். காய் நறுக்க மேடை முழங்கையைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் சுகம். மேடை தாழ்வாக இருந்தால் ஒரு கனமான பலகையை வைத்து அதன்மேல் நறுக்குங்கள். அடுப்பில் சிக்கல் நேர் எதிர். மேடைமேல் ஸ்டவ், ஸ்டவ்மேல் குண்டான், அதற்குமேல் கரண்டி என்று கை தோளுக்கு ஏறிவிடும். புதுவீடு கட்டுகிறவர்கள் ஸ்டவ் வைக்கும் இடத்தை மட்டும் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். முழங்கால் மடக்க முடிகிறவர்கள் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது வேண்டாம்.

பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. எப்போதும் ஒரே இடுப்பில் வைத்தால் முதுகெலும்பு ஒரு பக்கமாக இழுபடும். இரண்டு சின்ன வாளிகளில் பாதி பாதியாகப் பிடித்து இரண்டு கையிலும் எடுங்கள். தூக்கும்போது முழங்காலை மடக்கி, பாத்திரத்தை வயிற்றோடு ஒட்டித் தூக்க வேண்டும், தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பக் கூடாது. கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் அதைப்போல் இரண்டு பங்கு. சக்கரம் வைத்த ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள். கிரைண்டரிலிருந்து மாவைக் கல்லோடு தூக்காமல் கிண்ணத்தால் அள்ளுங்கள்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக் குனிந்திருப்பார்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை அடியில் புத்தகம் அடுக்கி, தனி கீபோர்டும் மௌஸும் வாங்கிக் கொடுங்கள்.

சில வலிகளுக்கு ஸ்பேனர் போதாது. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் உதறி உதறி எழுந்திருப்பது, பிடித்த கத்தரிக்கோல் நழுவுவது, இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் போல இழுப்பது, இவை வந்தால் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ கால் பலம் குறைந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும். இஎஸ்ஐ அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். "கை வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், தைப்பது ஓவர்லாக் மெஷினிலா பேட்லாக் மெஷினிலா, நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கையால் துணியைத் தள்ளுகிறீர்கள் என்பதை டாக்டர் முன்னால் செய்து காட்டுங்கள்.