செயலாய்வு: தப்பான விடையிலிருந்து தொடங்குங்கள்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்கிறோம், செயலாய்வுக்கு, அதாவது வகுப்பில் காணும் ஒரு சிக்கலை நாமே ஆராய்ந்து சரிசெய்து பார்ப்பதற்கு, நேரம் தாராளம் என்று தோன்றும். காலாண்டுத் தேர்வு, விடுமுறை, பள்ளி விழா என்று கழித்தால் கையில் நிற்பது ஐந்தாறு வாரம்தான். அதனால் தலைப்பு சின்னதாக இருக்கட்டும். 'கணக்கில் பின்தங்கிய மாணவர்கள்' என்று வைத்தால் எதை அளப்பது என்றே தெரியாமல் போகும். 'ஆறாம் வகுப்பு மாணவர்கள், நடுவில் பூஜ்யம் வரும் எண்ணிலிருந்து கழிக்கும்போது செய்யும் பிழைகள்' என்பது போதும்.

முதல் வாரம் பழைய நோட்டுகளையும் வகுப்புத் தேர்வுத் தாள்களையும் மட்டும் பாருங்கள். 402–178 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 204 என்றால், பூஜ்யத்தைத் தாண்டி நூறிடம் நேரே கடன் வாங்கிவிட்டு, '0–7' வந்த இடத்தில் பூஜ்யமே போட்டிருக்கிறது. அதே வழியில் போய் அந்த இடத்தில் 7 போட்டால் 274 வரும். மூன்றும் தப்புதான், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. வெறும் பெருக்கல் குறி போட்டு மதிப்பெண்ணை மட்டும் குறித்தால் இந்தத் தகவல் முழுக்க வீண்.

தாளைப் பார்த்தும் புரியாவிட்டால் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படிப் போட்ட, சொல்லிக்கிட்டே போடு கண்ணு" என்று கேளுங்கள். "எட்டுல ரெண்டு போனா ஆறு" என்று வந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் திருத்தப் போகாதீர்கள். திருத்தினால், பயிற்சிக்கு முன் வைக்கப்போகும் முன்தேர்வே கெட்டுவிடும். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதிவையுங்கள்.

முன்தேர்வுக்கு 10 கணக்கு போதும்: கடன் வாங்காதவை 3, ஒருமுறை வாங்குபவை 3, இருமுறை 2, நடுவில் பூஜ்யம் உள்ளவை 2. பயிற்சி முடிந்தபின் வைக்கும் பின்தேர்வில் எண்களை மாற்றுங்கள், அமைப்பை மாற்றாதீர்கள். 402–178 இருந்த இடத்தில் 503–267 வரலாம்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. 'ஒரு மரத்தில் 402 மாங்காய், இன்னொன்றில் 178, முதல் மரத்தில் எத்தனை அதிகம்?' என்று கேட்டால், 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்துக் கூட்டி 580 எழுதும் பிள்ளை உண்டு. தமிழே பேசும் பிள்ளையும் இதில் தடுக்கும். அது கழித்தல் பிழை ஆகாது. அதனால் வாக்கியக் கணக்குகளை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். வேண்டுமானால் தனியாக, வாய்மொழியாக, வீட்டு மொழியிலேயே கேட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்குப் பத்து நாள், நாளுக்கு 30 நிமிடம். ஈர்க்குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டுங்கள். மொத்தம் 500 துண்டு, செய்துகாட்ட ஒரு தொகுதி போதும். இருவருக்கு ஒரு செட்டாக, நூறு, பத்து, ஒன்று என்று எழுதிய காகிதத் தாள்கள் கொடுங்கள்: 5 நூறு, 20 பத்து, 20 ஒன்று. முதல் மூன்று நாள் பொருளோடு மட்டும். 402-இல் ஒரு நூறுக் கட்டைப் பிரித்தால் பத்துப் பத்துகள். அதில் ஒன்றைப் பிரித்தால் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளை தன் கையால் பார்க்க வேண்டும். நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை தாளை நகர்த்தும் அதே நொடியில் நோட்டிலும் எழுத வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். குச்சியை எடுத்துவைத்துவிட்டு அடுத்த நாள் நேரே கரும்பலகைக்குப் போனால், குச்சி ஒரு விளையாட்டு, கணக்கு வேறொன்று என்று பிள்ளை பிரித்துக்கொள்ளும். கடைசி மூன்று நாள் எழுத்து மட்டும். 224-ஐயும் 178-ஐயும் கூட்டிச் சரிபார்க்கும் பழக்கத்தோடு.

வருகைப் பதிவைத் தினமும் குறியுங்கள். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது பிள்ளையும் கூடப் போய்விடுவது தருமபுரிப் பக்கம் வழக்கம். இரண்டு தேர்வும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் சேர்த்து, விடுபட்டவர் எத்தனை பேர், ஏன் என்பதை ஒளிக்காமல் அறிக்கையில் எழுதுங்கள்.

ஒரே பிள்ளைகளுக்கு இரண்டு தேர்வு என்பதால் இணை டி-சோதனைதான் (paired t-test, ஒவ்வொரு பிள்ளையின் இரு மதிப்பெண்களுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துப் பார்ப்பது) பொருந்தும். இரண்டு தனிக் குழுக்களுக்கான வாய்பாட்டைப் போட்டுவிட்டு, செய்முறைத் தேர்வுக்கு வரும் கமிஷனில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எடுத்துக்காட்டாக 12 பேர், வேறுபாடுகளின் சராசரி 3, திட்ட விலக்கம் (வேறுபாடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 2 என்றால், 2-ஐ 12-இன் வர்க்கமூலத்தால் வகுக்க 0.577, 3-ஐ அதனால் வகுக்க 5.2. 12-இல் ஒன்று குறைத்த 11 விடுதலைக் கூறுகளுக்கு (degrees of freedom) 5 சதவீத மட்டத்தில் அட்டவணை மதிப்பு 2.20. நம்முடையது அதைவிடப் பெரிது, ஆக முன்னேற்றம் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. முடிந்தால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தாள் கொடுங்கள். கற்றது நின்றதா என்று சொல்லும் ஒரே தாள் அதுதான்.

பிள்ளைகளின் பெயரும் எமிஸ் எண்ணும் (அரசுப் பதிவில் உள்ள மாணவர் எண்) அறிக்கையில் வரக் கூடாது. மா1, மா2 என்று குறியுங்கள். தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதத்தை முதல் நாளே வாங்குங்கள். பின்னிணைப்பில் பெயரை மறைத்து, ஒரே பிள்ளையின் முன்தேர்வுத் தாளையும் பின்தேர்வுத் தாளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள்: இந்தப் பக்கம் 402–178-க்குத் தப்பான 376, அந்தப் பக்கம் 503–267-க்குச் சரியான 236.